ரெட்டை இழையும் பெரியம்மாவின் நகமும்

முனையில் கொக்கி உள்ள ஊசியால் பின்னுகிற குரோஷாவில் இரண்டு நூலைச் சேர்த்துப் பிடித்துப் போடுவது குறுக்குவழியா இல்லையா என்று ஐப்பசியில் ஆரம்பித்த வாக்குவாதம் தை பிறந்தும் ஓயவில்லை. எதிர்த்தரப்பு என் பெரியம்மா. அவர் கை பழகியது 40-ஆம் நம்பர் வெள்ளை நூலிலும், முனை எங்கே இருக்கிறது என்று தேடவேண்டிய எஃகு ஊசியிலும். அந்தக் காலத்து வீடுகளில் ரேடியோ மேலும் டெலிபோன் மேலும் டி.வி. மேலும் விரித்துக் கிடந்த வட்ட வட்ட லேஸ் துணிகளெல்லாம் அந்தத் தலைமுறைப் பெண்களின் மதியத் தூக்கத்தைத் தின்று வளர்ந்தவை. பெரியம்மாவின் கட்சி எளிது: நூல் மெலிய மெலிய வேலை உசத்தி. இருக்கிற மெல்லிய நூலை இரண்டாகச் சேர்த்துத் தடிமனாக்குவது அவர் பார்வையில் பின்னோக்கி நடப்பது. "ரெண்டு நூலைச் சேத்துப் புடிச்சு, இம்மாந் தடி ஊசிய வச்சுக்கிட்டு, மடமடன்னு போட்டுட்டு எந்திரிச்சிடுறீங்க. இதுக்குப் பேரு வேலையா?" என்பார். என்னிடம் எப்போதும் 'நீ'தான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் 'ங்க' சேர்வதற்குக் காரணம், திட்டு என் தலைமுறை மொத்தத்துக்கும் சேர்த்து.

என் பக்க நியாயம் கடைத்தெருவில் இருக்கிறது. மயிலாடுதுறை பட்டமங்கலத் தெருவில் ஃபேன்ஸி ஸ்டோர்களை ஏறி இறங்கினால் கிடைப்பது பள்ளிக்கூடக் கைவேலைக்கு வாங்கிப் போகும் அக்ரிலிக் உல்லன் உருண்டை, எம்ப்ராய்டரி நூல், கொஞ்சம் குரோஷா நூல். தடிமனாக வேண்டும் என்று கேட்டால் கூடை பின்னும் வயரை எடுத்துக் காட்டுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மேட்டூரில் எப்போது திறப்பார்கள், கடைமடைக்கு எப்போது வரும் என்று கணக்குப் பார்க்கிற ஊரில் தடி ஸ்வெட்டருக்கு யார் நூல் கேட்கப்போகிறார்கள்? பிறந்த குழந்தைக்குக் குல்லாவும் சாக்ஸும், மார்கழி விடியலில் பஜனைக்குப் போகும் தாத்தாக்களுக்கு மங்கி குல்லாவும். டெல்டாவின் கம்பளித் தேவை அவ்வளவுதான். அதுவும் பொங்கலோடு பீரோவுக்குள் போய்விடும். ஆனால் நாம் பார்த்து ஆசைப்படுகிற டிசைன்களெல்லாம் குளிர்தேசத்தில் போட்டவை. ஆரம்பமே 5 மில்லிமீட்டர் ஊசி, தடி நூல். கூரியரில் வரவழைக்கலாம், ஒரு உருண்டைக்காக வரவழைத்தால் கையைக் கடிக்கும். வீட்டில் இருக்கிற நூலிலேயே இரண்டைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ள ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் எம்ப்ராய்டரி போட்டவர்களுக்கு, ஆறு இழையிலிருந்து இரண்டை மட்டும் உருவி ஊசியில் கோக்கிற பழக்கம் விரலிலேயே இருக்கிறது.

கணக்கு

இரண்டு நூல் சேர்ந்தால் இரட்டைத் தடிமன் என்று நினைத்துக்கொண்டு ஊசியையும் இரட்டை அளவுக்கு மாற்றுகிறவர்கள் உண்டு. அப்படிப் போட்டால் கொசு புகுந்து போகிற மாதிரி ஓட்டை ஓட்டையாய் வரும். எடைதான் இரட்டிக்கும், விட்டம் சுமார் 1.4 மடங்குதான் ஆகும். பள்ளியில் படித்த வட்டத்தின் பரப்பளவுதான், வேறொன்றுமில்லை. ஒற்றையாக 3 மில்லிமீட்டர் ஊசியில் போடும் நூல் என்றால், இரட்டைக்கு 4 அல்லது 4.5 எடுத்து மாதிரித் துண்டு ஒன்று போட்டுப் பார்த்துவிட்டு ஏற்றலாம், இறக்கலாம். இன்னும் சுலபமான வழி லேபிளில் இருக்கிறது. 100 கிராமுக்கு 400 மீட்டர் என்று போட்ட நூலை இரண்டாகப் பிடித்தால் அது 100 கிராமுக்கு 200 மீட்டர் நூலாகிவிட்டது என்று அர்த்தம். டிசைன் கேட்கிற நூலும் கிட்டத்தட்ட 200 மீட்டர்தான் என்றால் துணிந்து ஆரம்பிக்கலாம். இரண்டும் வெவ்வேறு தடிமன் என்றாலும் கணக்கு இதேதான். 400 மீட்டர் நூலோடு 200 மீட்டர் நூலைச் சேர்த்தால் சுமார் 133 மீட்டர் நூல்.

தறிக்காரர்களுக்கு இந்தக் கணக்கு வெகுநாளாகத் தெரியும். அவர்கள் நூலை நம்பரால் சொல்வார்கள். 840 கஜ நீளமுள்ள சிட்டங்கள் (நூல்கட்டுகள்) எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருகிறதோ அதுதான் பருத்தி நூலின் நம்பர். அதனால் நம்பர் ஏற ஏற நூல் மெலியும். 20-ஆம் நம்பர் நூல் இரண்டைச் சேர்த்து முறுக்கினால் 2/20 என்று எழுதுவார்கள். எடையில் அது 10-ஆம் நம்பருக்குச் சமம். 'முறுக்கினால்' என்பதை இப்போதைக்குக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு கடைசியில் அங்கேதான் போய் நின்றது.

எவ்வளவு நூல் பிடிக்கும் என்பதிலும் ஒரு வேடிக்கை உண்டு. இரட்டை இழை என்றதும் நூல் இரண்டு மடங்கு வாங்க வேண்டும் என்று பயப்படுகிறோம். ஊசியையும் அதற்குத் தக்கபடி பெரிதாக்கினால், அதே அளவு துணிக்குக் கண்ணிகளின் (ஊசியால் இழுத்துப் போடும் வளையங்களின்) எண்ணிக்கை பாதியாகிவிடும். ஒவ்வொரு கண்ணியும் 1.4 மடங்கு நீளம் குடிக்கும், அதில் இரண்டு இழை. பெருக்கிப் பார்த்தால் மொத்தத்தில் ஒற்றைக்கு ஆகிற நூலைப்போல் சுமார் 1.4 மடங்கு. 100 கிராம் பிடிக்கிற துண்டு 140 கிராம் பிடிக்கும். ஊசியை மாற்றாமல் பழைய சின்ன ஊசியிலேயே இறுக்கிப் போட்டால்தான் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு போகும், துணியும் விறைத்து நிற்கும். பூத்தொட்டி உறைக்கும் கூடைக்கும் அந்த விறைப்பு வேண்டும், சட்டைக்கு வேண்டாம். கண்ணி பாதி என்பதைப் பெரியம்மாவிடம் சொன்னது தப்பாய்ப் போயிற்று. "அதத்தான நானும் சொல்றேன், பாதி வேலன்னு" என்றார்.

மயில்கழுத்துக்கு ஆசைப்பட்டது

இரட்டை இழையில் என்னை விழவைத்தது தடிமன்கூட இல்லை, நிறம். இரண்டு நிறங்களைச் சேர்த்துப் பிடிக்கும்போது எந்தக் கண்ணியில் எது மேலே வரும் என்பது நம் கையில் இல்லை. நூல் போகிற போக்கில் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு, ஒரு கண்ணியில் இது, அடுத்ததில் அது என்று மாறி மாறித் தலைகாட்டும். நீலத்தையும் பச்சையையும் சேர்த்துப் பிடித்தால் மயில்கழுத்து வந்துவிடும் என்று மனக்கோட்டை கட்டியிருந்தேன். பட்டுப்புடவையில் அந்த நிறத்தைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு ஆசை வராமல் இருக்குமா? வந்தது என்னவோ மிக்ஸியில் பாதி அரைபட்ட புதினாச் சட்னி.

ஏன் வரவில்லை என்று யோசித்தபோதுதான் புடவையின் சூட்சுமம் பிடிபட்டது. மயில்கழுத்தில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். பாவு நெடுக்கே ஓடும், ஊடை குறுக்கே ஓடும். பட்டிழை பளபளப்பானது, ஒளி எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறதோ அதற்கேற்ப ஒரு சமயம் பாவு மின்னும், புடவையை அசைத்தால் ஊடை மின்னும். நிறம் மாறுவது போலத் தோன்றுவது அதனால். சேர்த்துப் பிடித்த இழைகளோ ஒரே திசையில் ஒட்டிக்கொண்டு ஓடுகின்றன. அங்கே மாறுவதற்கு ஒன்றுமில்லை. புள்ளி புள்ளியாகக் கலந்துதான் தெரியும். ஆகவே இந்தக் கலப்புக்கு எதிரெதிர் நிறங்களைவிட அக்காதங்கை நிறங்கள் நன்றாக வருகின்றன. அரக்கோடு குங்குமச் சிவப்பு, சந்தனத்தோடு தேங்காய்நார் நிறம். கருப்போடு வெள்ளை சேர்த்தால் கண்ணைக் கரிக்கும். சிலருக்கு அதுதான் பிடிக்கிறது, இருக்கட்டும்.

ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்குக் கோடு தெரியாமல் நகரவும் இரட்டை இழைதான் வசதி. முதலில் இரண்டும் அரக்கு. பிறகு ஒன்று அரக்கு, ஒன்று சிவப்பு. பிறகு இரண்டும் சிவப்பு. ஒவ்வொரு முறையும் ஒரு இழையை மட்டும் மாற்றினால் போதும். நூல் தீர்ந்து மறுபடி வாங்கும்போது சாயத் தொகுதி மாறி, அதே ரோஸ் கொஞ்சம் வேறு ரோஸாக வந்து நிற்குமே, அந்தத் தொல்லையையும் பழையதில் ஒன்று புதியதில் ஒன்று என்று பிடித்து மறைத்துவிடலாம். இரண்டு நூலும் ஒரே இடத்தில் தீராதபடி பார்த்துக்கொண்டால் முடிச்சும் ஒரே இடத்தில் குவியாது.

வெளிநாட்டில் மெல்லிய கம்பளி நூலோடு மொஹேர் சேர்த்துப் போடுவது பெரிய மோகம். அங்கோரா ஆட்டின் முடி. மேலே புகை படிந்தாற்போல ஒரு பஞ்சுப் படலம் நிற்கும், எடை இல்லாத கதகதப்பு. படம் பார்க்க அழகு. நம் ஊர் சித்திரையில் அதை நினைத்தாலே கழுத்து அரிக்கிறது.

கைப்பிடி

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி முதல் தேதி தடை வந்தது. 2021 டிசம்பரில் அரசு மஞ்சப்பையை மீண்டும் கையில் கொடுத்தது. மஞ்சப்பை கொண்டுபோவதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. ஆனால் கையில் ஊசி இருப்பவளுக்குச் சும்மா இருக்க முடியாது. சந்தைக்கென்று வலைப்பை ஒன்று போட்டேன். பருத்தி நூல், ஒன்று பழுப்பு, ஒன்று வெளிர் மஞ்சள், சேர்த்துப் பிடித்து. நன்றாகத்தான் உழைத்தது. சேனைக்கிழங்கும் வாழைக்காயும் பரங்கிக்கீற்றும் ஏறின. நாள்பட நாள்பட ஒரு கைப்பிடி மட்டும் நீண்டுகொண்டே போய், பை என் முழங்காலில் இடிக்க ஆரம்பித்தது. பருத்தி கனத்தில் தொய்யும், அதிலும் குரோஷா வலை தொய்யத்தான் செய்யும் என்று நான் விட்டுவிட்டேன். அது பொய்யும் இல்லை. ஆனால் இரண்டு கைப்பிடியும் ஒரே நூல், ஒரே ஊசி. ஒன்று மட்டும் ஏன்?

பெரியம்மா பையை வாங்கி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, கைப்பிடியை மடியில் போட்டு நீவினார். பிறகு கட்டைவிரல் நகத்தை ஒரு கண்ணிக்குள் விட்டு நெம்பினார். வெளிர் மஞ்சள் இழை மட்டும் தனியாக எழும்பி, ஒரு சின்ன வளையமாக மேலே நின்றது. பக்கத்திலேயே பழுப்பு இழை விறைத்துக் கிடந்தது. மேற்புறம் நைந்து நார் கிளம்பியிருந்தது. அடுத்த கண்ணியில் நெம்பினார். அங்கேயும் மஞ்சள்தான் எழும்பியது. கைப்பிடி நெடுக அதே கதை. மஞ்சள் சும்மா கூடவே வந்திருக்கிறது. சுமந்ததெல்லாம் பழுப்பு. இன்னொரு கைப்பிடியில் அவ்வளவு வித்தியாசம் இல்லை. அது வேறொரு நாள் போட்டது.

"ஒரே நெறமா இருந்திருந்தா இது கண்ணுக்கே ஆப்ட்ருக்காது" என்றார். அப்புறம் கேட்டார்: "எதுலேருந்து எத இழுத்த?" பழுப்பு புது உருண்டை, இறுக்கமானது, சோபாவுக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டு வந்தது. மஞ்சள் பிரித்துச் சுற்றிய பழைய நூல், மடியிலேயே லொடலொடவென்று கிடந்தது. இழுக்க இழுக்கப் பழுப்பு முரண்டு பிடித்திருக்கிறது, மஞ்சள் கேட்ட அளவுக்கு மேலேயே வந்து விழுந்திருக்கிறது. ஒவ்வொரு கண்ணியிலும் மயிரிழை வித்தியாசம். ஒரு முழக் கைப்பிடியில் அது சேர்ந்துவிடுகிறது. நீளம் ஒன்றாக இருந்தால்தான் இரண்டு இழையும் சுமையைப் பங்குபோடும். நீளமானது வேடிக்கை பார்க்கும், குட்டையானது தாங்கும், தாங்கித் தாங்கி நைந்துபோகும். (இந்த இடத்தில் தாம்பத்தியத்தைப் பற்றி ஒரு வரி எழுதக் கை அரிக்கிறது. எழுதப்போவதில்லை.)

பெரியம்மா கூறைநாட்டில் தறிவீட்டில் பிறந்தவர் என்பது எனக்குத் தெரிந்ததுதான். பட்டும் பருத்தியும் கலந்து நெய்த கூறைப் புடவை அந்தத் தெருக்களில் வீட்டுக்கு வீடு ஓடிய காலம் அது. இன்று தறிச்சத்தம் அருகிவிட்டது. சிறுமியாக அவர் செய்த வேலை ராட்டையில் தார் சுற்றுவது. அதாவது தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற குச்சியில் ஊடை நூலை ஏற்றுவது. அன்றைக்குத்தான் சொன்னார், சில துணிக்கு இரண்டு இழை சேர்த்துத் தார் சுற்றுவார்களாம். "ஒன்னு தளந்து போச்சுன்னா நெய்யும்போது துணியில நெளிஞ்சுகிட்டு நிக்கும். எங்கப்பா பாப்பாரு, தாரத் தூக்கி எறிஞ்சுட்டு மறுபடி சுத்தும்பாரு. கண்ணு தண்ணி வந்துடும்."

எனக்குப் பிடி கிடைத்துவிட்டது. "அப்ப நீங்களே ரெட்டை இழைக்காரங்கதானே பெரியம்மா? இத்தன நாளு என்னயத் திட்டுனீங்க?"

"அது தறிடி. அங்க பாவு இழுத்துப் புடிச்சுக்கிட்டு நிக்கும், பலகை வந்து அடிக்கும். உன் ஊசியில யாரு புடிச்சுக்கிட்டு இருக்கா?"

இந்தக் கேள்வியோடு எங்கள் வழக்கு வேறு வழக்காகிவிட்டது. மில்லில் இரண்டு இழையைச் சேர்க்கும்போது, தனி இழை எந்தப் பக்கம் முறுக்கப்பட்டிருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாக முறுக்குவார்கள். அவிழப் பார்க்கிற முறுக்குகள் ஒன்றையொன்று தடுத்துக்கொண்டு நிற்கும். அதற்குப் பிறகு அது ஒரு நூல். நாம் சேர்த்துப் பிடிப்பதில் அந்தக் கட்டு எதுவும் கிடையாது. தடி நூல் கிடைக்காததற்கு மாற்று என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததும் சரியில்லை, பாதி வேலை என்று அவர் சொன்னதும் சரியில்லை. கண்ணி பாதியாகிறது; ஆனால் முறுக்கு செய்ய வேண்டிய காவல் வேலை முழுக்க இடதுகைச் சுண்டுவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் இடையில் வந்து விழுகிறது. ஊசி ஒரு இழையைக் கொக்கியில் மாட்டி இன்னொன்றை விட்டுவிட்டு வருகிறதா, ஒன்று தளர்கிறதா என்று அந்த இடம்தான் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அதற்கப்புறம் பெரியம்மா என் நூல்பையையே கலைத்துப்போட்டு ஒழுங்குபடுத்தினார். ஒரே உருண்டையின் உள்முனையையும் வெளிமுனையையும் எடுத்துச் சேர்த்துப் போடுவதற்குத் தடை. உள்ளிருந்து உருவி வரும் நூல் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு ஏறிக்கொண்டு வரும். வெளிநூல் உருண்டை உருளுவதால் அப்படியே வரும். இரண்டும் இரண்டு குணம். இரண்டையும் முன்கூட்டியே ஒரே உருண்டையாகச் சுற்றி வைப்பதற்கும் தடை. சுற்றும்போது ஒன்று தளர்ந்தால் போடப்போட அந்தத் தளர்ச்சி தேங்கி, கடைசியில் ஒரு இழை கால்முழம் நீண்டு தொங்கும். அவர் வழி இரண்டு சொம்பு. வாய் குறுகின எவர்சில்வர் சொம்பு, ஆளுக்கொரு உருண்டை, இரண்டும் ஒரே பக்கத்தில், ஒரே தூரத்தில். உருண்டை உள்ளேயே சுழலும், வெளியே ஓடாது, இரண்டுக்கும் ஒரே இழுப்பு. நூல்வைக்கும் கிண்ணம் என்று பீங்கானில் செய்து விற்கிறார்கள், விலை கேட்டால் சொம்பின் அருமை தெரியும்.

பருத்தியையும் அக்ரிலிக்கையும் சேர்த்துப் பிடிப்பதைப் பற்றி மட்டும் அவருக்குச் சொல்ல என்னிடம் ஒன்று இருந்தது. பருத்தி காற்றின் ஈரத்தை வாங்கும். சாதாரண நிலையிலேயே தன் உலர்ந்த எடையில் 8 சதவீதத்துக்கு மேல். அக்ரிலிக் ஒன்றிரண்டு சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளும். அடைமழையில் துணியே காயாத கார்த்திகை மாதத்தில், வியர்த்த விரலில் பருத்தி ஒட்டுகிறது, அக்ரிலிக் வழுக்குகிறது. சொம்பு ஒன்றும் செய்ய முடியாது, இழுப்பு விரலிலேயே மாறிவிடுகிறது. துவைத்தால் பருத்தி சுருங்கும், அக்ரிலிக் சுருங்காது, துணி சுருக்கம் விழுந்து நிற்கும். சூடான இஸ்திரி பட்டால் அக்ரிலிக் இளகிக் கெட்டுவிடும். இரண்டும் கலந்துதான் ஆகவேண்டும் என்றால் மாதிரித் துண்டை முதலில் ஒரு தடவை துவைத்துக் காயவைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

லேஸில் இரட்டை இழை கூடாது என்பதில் இப்போது நாங்கள் ஒரே கட்சி. ஜாக்கெட் கை ஓரத்துக்கும் தாவணி முனைக்கும் ஒற்றை மெல்லிய நூல்தான், அங்கே ஓட்டையின் வடிவம்தான் அழகு. இரண்டு இழை போய் அடைத்துக்கொண்டால் ஒன்றும் தெரியாது. கால்மிதி, பை, கூடை, குழந்தை கீழே விரித்து உட்காரும் துண்டு, மிச்சம் மீதி நூலைத் தீர்க்கும் எதுவும் ரெட்டைக்கு உரியது என்று அவரும் இறங்கி வந்திருக்கிறார். பையின் அந்தக் கைப்பிடியை மட்டும் பிரித்துவிட்டேன். பிரிக்கும்போது பழுப்பு ஒரு நீளம், மஞ்சள் அதைவிட நாலு விரற்கடை நீளம். புதிதாகப் போடும்போது பலத்துக்கு மூன்றாவது இழை ஒன்று சேர்க்கலாமா என்று கேட்டேன். "மொதல்ல ரெண்ட ஒழுங்கா இழு" என்றார். இழுத்துப் போட்டு, உள்பக்கம் ஒரு காடா நாடாவையும் வைத்துத் தைத்திருக்கிறேன். சேனை இப்போது பயமில்லாமல் ஏறுகிறது.